கோசோங் எடுத்தியா?

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவளே சண்டைக்கு வருவாள். "பேரு இல்லாம எழுதிப் பாரு. அப்பவும் ஆளத் தெரியுதுன்னா நீ ஒழுங்கா எழுதியிருக்கேன்னு அர்த்தம்" என்பாள். எதையும் எடுத்துவிட்டு ஒரு தடவை பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சோறு என்றதும் ரொட்டிக் கடை நினைவுக்கு வருகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழேயே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மமாக் கடை. யுனிவர்சிட்டியில் வேலை முடிந்து, செந்தூலில் தன் வீட்டுக்கு ரயில் ஏறும் முன் அவள் அங்கே என்னோடு உட்காருவாள். "அண்ணே, ரொட்டி கோசோங் ஒன்னு, தே கோசோங் ஒன்னு" என்பாள். கோசோங் என்றால் மலாயில் வெறுமை. கடையில் அது முட்டை, வெங்காயம் எதுவும் சேர்க்காத வெறும் ரொட்டி, சீனி போடாத வெறும் தேநீர். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

ரொட்டியில் முதல் வாய் குழம்பு தொடாமல் தின்பாள். தேநீரில் முதல் வாய் சீனி இல்லாமல். பிறகுதான் பருப்புக் குழம்பும் சீனியும் கேட்பாள். பரிமாறுகிற அண்ணன் ராமநாதபுரத்தில் இருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஒருநாள் பொறுமை இழந்து, "சீனியப் போட்டே கொண்டாந்துடவாக்கா?" என்று கேட்டார்.

"இல்லாமக் குடிச்சாத்தாண்ணே சீனி என்ன செய்யுதுன்னு தெரியும்."

"சீனி இனிக்கும்க்கா. அதுக்கு எதுக்குப் பரீட்சை?"

அவள் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்விதான் என்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு மறுநாளும் கோசோங்தான் கேட்டாள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் டாக்டர் பட்டம் முடித்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தவர்கள். அவளுக்குப் படிகம், எனக்குக் கருவிகள். படிகம் என்றதும் வைரம் வைடூரியம் என்று நினைத்துவிட வேண்டாம். துணி அலமாரியில் போடுகிறோமே அந்துருண்டை, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கரிம மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி வைத்தாற்போல் உறைந்த மெல்லிய செதில். நாங்கள் அதைக் 'கல்' என்போம். அதன்மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தால் மங்கலாக நீல வெளிச்சம் வரும். அந்த நீலத்துக்காகத்தான் இத்தனை பாடு.

என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி அதைச் சொன்னவள் அவள்தான். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தாள். நீங்கள் என்னதான் வேலை செய்கிறீர்கள் என்று அம்மா கேட்டார். அவள் அப்பளத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்டி, கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் தெரியும்ல. அங்க ஒரு கனமான பெட்டி இருக்கு. ஒரு ஆளால தூக்க முடியாது. ரெண்டு பேரு சேந்தா தூக்கிடலாம். ஆனா அந்த ரெண்டு பேரும் கூட்டத்துல தனித்தனியா அலையிறாங்க. கல்லுக்குள்ள வெளிச்சம் அப்படித்தான் அலையும். அலையிற அந்த ஆளுக்குப் பேரு எக்ஸைட்டான். ரெண்டு எக்ஸைட்டான் சந்திச்சுச் சேந்தா நீல வெளிச்சம். சேரலன்னா இருட்டு."

"சரி, சந்திச்சா சேர வேண்டியதுதானே?"

"சந்திச்சா மட்டும் பத்தாது ஆன்டி. ரெண்டு பேரும் உள்ள போக கேட் தொறந்திருக்கணும். பக்கத்துல மேக்னட்ட வச்சா, அது அவங்கள இழுக்காது, தள்ளாது. அவ்ளோ பலம் அதுக்குக் கெடையாது. எந்த கேட் தொறந்திருக்குங்கிறத மட்டும் மாத்தும். கொஞ்சமா வச்சா கூடச் சில கேட் தொறக்கும், வெளிச்சம் லேசா ஏறும். பலமா வச்சா பல கேட் மூடிடும், வெளிச்சம் கொறையும்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "அப்ப மேக்னட் மாமியார் மாதிரி" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெரிய மின்காந்தத்துக்கு மாமியார் என்றே பெயராகிவிட்டது. மாமியாரைப் போடு, மாமியாரை அணை என்றுதான் பேசிக்கொள்வோம்.

மாமியாரைப் போட்டு ஓர் அளவு, அணைத்து ஓர் அளவு. எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள நடைமுறைதான். ஆனால் அணைத்து எடுக்கும் அளவுக்குக் கோசோங் என்று பெயர் வைத்தவள் அவள். நான் ஏதாவது ஒரு நல்ல வரைபடத்தைத் திரையில் காட்டி, "எப்படி?" என்றால் போதும், நாற்காலியைத் திருப்பாமலே "கோசோங் எடுத்தியா?" என்பாள். மாமியார் இல்லாமல் எடுத்தாயா, லேசர் இல்லாமல் எடுத்தாயா, அறை விளக்கு இல்லாமல், பக்கத்து அறைப் பம்பு ஓடாமல் எடுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஒருமுறை எல்.ஆர்.டி. ரயில் போவதால்தான் அளவு ஆடுகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். தண்டவாளத்தில் ஏதோ கோளாறு என்று ரயில் நின்றுபோன ஒரு காலையில் என்னை எழுப்பி வரவழைத்து, ரயில் இல்லாமலும் அளவு ஆடுவதைக் காட்டினாள். கிராப் வாடகைக் காரில் வந்த எனக்கு அப்போது அவள்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தப் பழக்கத்தை அவள் ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. வீட்டுக்கும் கொண்டுபோனாள். அவளுடைய அண்ணன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் அம்மா லோரியின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவார். அண்ணனுக்கு விபத்து ஒன்றும் நேராததற்கு அதுதான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. இவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் எலுமிச்சம்பழம் இல்லாம ஓட்டுண்ணே. என்ன ஆவுதுன்னு பாப்போம்." தங்கை சொல்லைத் தட்டாத அப்பிராணி அவர். அந்த வாரம் பார்த்தா அவருக்கு டயர் வெடிக்க வேண்டும்?

அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இவளோ என்னிடம் வந்து, "ஒரு தடவ நடந்தத வச்சு எப்படி லா முடிவு பண்றது? இன்னும் சில வாரம் பாக்கணும். அண்ணன் மாட்டேங்குறாரு" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அம்மாவின் கண்ணீர் அவள் கணக்கில் வரவே இல்லை. 

இன்னொன்று அதைவிட மோசம். பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி, கல்யாணம் நிச்சயமானவள், மாப்பிள்ளையைப் பற்றி எப்போதும் ஏதாவது சொல்லி அழுவாள். இவள் அவளிடம், "எப்பவும் நீயேதானே கூப்புடுற. கொஞ்ச நாள் போன் பண்ணாம இரு. நீ கூப்புடாதப்ப அவரு இருக்காரான்னு பாரு" என்றாள். அந்தப் பெண்ணும் இருந்து பார்த்தாள். மாப்பிள்ளை கூப்பிடவே இல்லை. கல்யாணம் நின்றுபோனது. அதன்பிறகு அந்தப் பெண் எங்களை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

"நீ செஞ்சது சரியா?" என்று நான் கேட்டேன்.

"தெரியல" என்றாள். "அவ சந்தோஷமா இருந்துருப்பாளோ என்னவோ. அதத்தான் இனிமே பாக்கவே முடியாதே."

அன்று அவள் தேநீரைச் சீனி கேட்காமலே குடித்து முடித்தாள். அவளுக்கும் வலித்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்படி எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பவளைக் கல் முன்னால் பார்க்க வேண்டும். வேறு மனுஷி. கண்ணாடிக் குழாய்க்குள் மெல்ல மெல்லச் சூடேற்றி, நாள்கணக்கில் காத்திருந்து வளர்ப்பாள். நடுவில் இடி இடித்து மின்சாரம் போனால் அத்தனையும் பாழ். கோலாலம்பூரில் மத்தியானமானால் இடி இடிக்காத நாள் எது? அதனால் வானம் கறுத்தாலே குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள், நின்றால் மின்சாரம் போகாது என்பதுபோல். அதற்கு மட்டும் அவள் கோசோங் எடுத்துப் பார்த்ததில்லை.

செதிலைத் தொட ஒற்றை மயிர்த் தூரிகை. மூச்சுப் பட்டாலும் உடையும். காந்தம் இழுத்துவிடும் என்று கொண்டை ஊசி போட மாட்டாள். துணி நாடாவால் முடியைக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, குனிந்து அந்தச் செதிலைப் பசை தொட்ட சின்னத் தண்டின்மேல் ஒட்டுவாள். ஒட்டி, இருட்டுப் பெட்டியை மூடிவிட்டால் அவ்வளவுதான், மாதக்கணக்கில் அதைத் தொட விடமாட்டாள். நானும் தொட்டதில்லை. எங்களில் யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

அந்தக் கல் புது வகை. அதில்தான் அந்தப் பெரிய விளைவு வந்தது. மாமியாரைப் போட்டதும் நீல வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தச் சாதிக் கற்களில் அவ்வளவு குறைந்ததாக நாங்கள் படித்ததே இல்லை. எங்கள் பேராசிரியர் சீனர், நல்ல மனிதர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். ஆய்வைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் குழு தீபாவளி கழித்துக் கூடப் போகிறது. இதைக் காட்டினால் ஆய்வு தொடரும், எங்கள் இருவர் ஒப்பந்தமும் நீளும். அவளுடைய அம்மா பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார்.

அவள் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "இது ஏறவே மாட்டேங்குதேடி. மொதல்ல லேசா ஏறி, அப்பறம்தானே எறங்கணும்? இது வழுக்கிக்கிட்டு நேரா எறங்குது."

"புதுக் கல்லு. புதுசாத்தான் நடக்கும்" என்றேன் நான்.

"இருக்கலாம்" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்ததற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளும் ஆசைப்பட்டுவிட்டாள், வேறென்ன.

தீபாவளி விடுமுறைக்குக் கட்டடத்தில் ஏர்கோனை அணைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது அறை இட்லிப் பானை மாதிரி இருந்தது. குழுவுக்குக் காட்டுமுன் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று, பெட்டியைத் திறக்காமலே அளந்தோம். வெளிச்சம் முன்பைவிட ரொம்ப மங்கல். கல்லுக்கு வயசாகிறது என்று சொல்லி, வெளிச்சத்தை அளக்கும் குழாயின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டோம். மாமியாரைப் போட்டோம். குறைந்தது. முன்பு எந்த விகிதத்தில் குறைந்ததோ அப்படியே, இம்மி பிசகாமல். அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் யாரையும் தொட்டுப் பேசுகிற ஆளில்லை.

கூட்டத்தில் காட்டும் படங்களோடு கல்லின் புகைப்படம் ஒன்றும் இருந்தால் அழகாக இருக்கும் என்றேன். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தோம். தண்டின்மேல் கல் இல்லை.

பசை வெக்கையில் இளகி, கல் வழுக்கி, பெட்டியின் அடியில் இரண்டாக உடைந்து கிடந்தது. எப்போது விழுந்ததோ. நான் ஐயோ என்று உடைந்த துண்டுகளை எடுக்கப் போனேன். அவள் கல்லைப் பார்க்கவில்லை. திரையில் சற்றுமுன் எடுத்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கல்லு இல்லாமலே ஆடியிருக்குடி."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் அளக்கும் குழாய் வெளிச்சத்தை மின்னணுக்களாக மாற்றி எண்ணுவது. காந்தம் பக்கத்தில் இருந்தால் அந்த மின்னணுக்கள் வழி தவறும், எண்ணிக்கை குறையும். இது பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதி. அதற்காகவே குழாய்க்கு உலோக உறை போட்டிருந்தோம். உறை இருக்கிறதே என்று நம்பினோம். மாமியார் பலமாக வந்தபோது உறை தாங்கவில்லை. கல்லில் எந்தக் கதவும் பாதியாக மூடவில்லை. எங்கள் குழாய்க்குத்தான் கண் மங்கியது. அன்று அது அளந்ததெல்லாம் சிவப்பை மறிக்க வைத்திருந்த வடிகட்டியைத் தாண்டிக் கசிந்த வெறும் சிவப்பு லேசர் வெளிச்சம்.

"எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்" என்றாள் அவள், சிரிப்பு அடங்கிய பிறகு. "மேக்னட்ட எடுத்தேன், லேசர எடுத்தேன், ரயில எடுத்தேன். கல்ல மட்டும் எடுக்கல. ஒடஞ்சுடும்னு பயம். இத்தன நாள் எங்கம்மாவ என்ன பேச்சுப் பேசியிருக்கேன்."

உடனே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, அந்த எலுமிச்சம்பழத்த இனிமே கழட்டச் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுக் குழாயைக் கழற்றத் தொடங்கினாள்.

பேராசிரியர் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இந்த வாரக் கடைசியில், இது முதற்கட்ட முடிவு என்று சொல்லிக் காட்டிவிட்டு, பிறகு நிதானமாகச் சரிசெய்யலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்காகத்தான் சொன்னார். ரொட்டிக் கடையில் நானும் அதையே சொன்னேன்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"மறைக்கச் சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லுன்னு சொல்றேன். ஒனக்கு வேல போச்சுன்னா அம்மாவ யாரு பாப்பா? எனக்கும்தான் வேல."

"நான் காட்டுறதுலேருந்து ஒன் பேர எடுத்துடவா?"

எனக்கு வந்த கோபத்தில் ரொட்டியைத் தட்டோடு தள்ளினேன். எடுப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். "என் பேர எடுக்க நீ யாரு? இருக்கட்டும்" என்றேன். அவள் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். கடை அண்ணன் வந்து, "சண்டையாக்கா? சீனி போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் வரைக்கும் இருந்த நாள்களில் அவள் புதிதாகக் கல் வளர்க்க முடியாது. உடைந்த துண்டில் பெரியதை எடுத்து ஒட்டினாள். குழாயை மாமியாரிடமிருந்து அறையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், நீளமான ஒளியிழை வழியாக வெளிச்சத்தை அதற்கு அனுப்பினோம். கோபமாக இருந்தாலும் ஒளியிழையை நான்தான் பொருத்தினேன். வேறு யாருக்கும் அது வராது. முதல் வேலையாகக் கல் இல்லாமல் அளந்தாள். கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. அதன்பிறகுதான் கல்லை வைத்தாள்.

மாமியாரை மெல்ல ஏற்றினோம். வெளிச்சம் ஒரு துளி ஏறியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். இன்னும் ஏற்ற ஏற்ற, இறங்கத் தொடங்கியது. முன்பு வந்த பெரிய விளைவுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? மாமியாரை அணைத்தோம், மறுபடி போட்டோம், மறுபடி வந்தது.

"ஏறுச்சு பாத்தியா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கொஞ்சம்தான். ஆனா நெசம்."

கூட்டத்தில் அவள் முதலில் காட்டியது கல் இல்லாமல் எடுத்த வரைபடத்தை. இதுதான் எங்கள் பெரிய விளைவு, இதில் கல்லே கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குழுவில் ஒருவர் சிரித்தார், கேலியாக இல்லை. பிறகு சின்ன ஏற்றத்தைக் காட்டினாள். அப்படியானால் மற்ற கற்களில் ஏற்கெனவே தெரிந்தது இதிலும் நடக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டார்கள். அவ்வளவுதான் என்றாள். நேர்மையைப் பாராட்டினார்கள். ஆய்வை நிறுத்தினார்கள். எனக்குச் சூரியத் தகடு ஆய்வில் இடம் கிடைத்தது, கருவி ஆள் எங்கும் வேண்டுமே. படிகம் வளர்ப்பவளுக்கு இடம் இல்லை.

இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அவள் அந்தக் கூட்டத்தில் சின்ன விளைவிலிருந்து தொடங்கியிருக்கலாம். பெரிய பொய்யைத் தானே முதலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்க வேண்டாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கும் ஒரு வரிசைமுறை இருக்கிறதல்லவா? இதைச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். எனக்கும் இந்த வருத்தம் போகாது.

கடைசி நாள் ஜன்னலோரத்திலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல் நின்றாள். நான் அவள் பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி மூஞ்சி? நான் இல்லன்னா இங்க ஒன்னும் மாறாது. வேணும்னா பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

இப்போது அவள் கிள்ளானில் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். கண் பரிசோதிப்பவர் வேறொருவர். கடையைப் பார்த்துக்கொள்வது இவள். வருகிறவர்களிடம் கண்ணாடிச் சட்டத்தை மாட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, "இது இல்லாம அந்த போர்டப் படிங்க அங்கிள்" என்பாள். படித்துவிட்டால், "அப்பறம் எதுக்கு இது?" என்று அனுப்பிவிடுவாள். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவள் அம்மா பால்குடம் எடுத்தாராம். வேலை போனபிறகு எதற்கு என்று இவள் கேட்டதற்கு, நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாராம். இவளும் கூடவே படியேறியிருக்கிறாள்.

சூரியத் தகடு வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில், கூட்டத்துக்குப் பிறகு அவள் வளர்த்துக் கண்ணாடிக் குழாயில் விட்டுப்போன கற்களை எடுத்து நான் மறுபடி அளந்தேன். பேராசிரியர் கண்டும் காணாததுபோல் இருந்தார். கல்லை ஒட்டும்போது என் மூச்சுப் பட்டு நல்லது ஒன்று உடைந்தது. அடுத்தது நின்றது. போன மாதம் வீட்டுக்குப் போனபோது கடைக்குப் போய், போனில் வரைபடத்தைக் காட்டினேன். ஒரு வாடிக்கையாளரை அப்படியே நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கவிட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள்.

"கோசோங்?"

"கல்லு இல்லாம மொதல்ல எடுத்தேன். நேர்கோடு. அடுத்த படத்துல இருக்கு பாரு."

பார்த்தாள். திரும்ப முதல் படத்துக்கு வந்தாள். அந்தச் சின்ன ஏற்றத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் அந்த வாடிக்கையாளர், "தங்கச்சி, இது நல்லாருக்கா?" என்று கேட்டார். "இருங்க அங்கிள்" என்றாள் திரும்பாமலே.

பிறகு போனைக் கொடுத்துவிட்டு, மேசையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னது சரிதானே? நான் இல்லாம ஒன்னும் மாறலல்ல?" என்றாள்.

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவளிடம் போய் அளந்து பார்க்காத ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

"மாறிடுச்சு" என்றேன்.

துடைப்பதை நிறுத்தினாள். "எவ்ளோ?"

"கொஞ்சம்தான்" என்றேன். "ஆனா நெசம்."